ஏட்டைப் பிடித்த கை யாருடையது?

கேள்வி: எங்கள் வளவில் அப்பத்தா திருவாசகத்தைப் பட்டுத்துணியில் சுற்றிச் சாமி வீட்டில் வைத்திருந்தார்கள். என்னுடன் வேலை பார்க்கும் இசுலாமிய நண்பர் குர்ஆனையும், கிறித்தவ நண்பர் பைபிளையும் 'இறைவன் அருளியது' என்கிறார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதானா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஒன்றல்ல. குழப்பத்துக்குத் தமிழும் ஒரு காரணம். நான்மறை, திருமறை, மறைநூல் என்று மூன்று சமயத்தாருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்து வைத்திருக்கிறோம். பேசியவர் யார், எழுதியவர் யார் என்று கேட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.

இசுலாத்தில் பேசுபவன் இறைவன் மட்டுமே. ஜிப்ரீல் என்னும் வானவர் வழியாக ஏறத்தாழ 23 ஆண்டுகளில் சிறுகச் சிறுக இறங்கிய வசனங்களை நபிகள் நாயகம் ஓதிக் காட்ட, தோழர்கள் மனனம் செய்தும் எழுதியும் காத்தார்கள். நபிகளின் சொந்தச் சொற்கள் ஹதீஸ் எனத் தனியே நிற்கின்றன.

கிறித்தவர்களுக்கு வெளிப்பாட்டின் நிறைவு நூல் அல்ல, இயேசு என்னும் ஆளே. 'வாக்கு மனிதர் ஆனார்' என்கிறது யோவான் நற்செய்தி. தூய ஆவியின் ஏவுதலால் மனிதர்கள் தத்தம் நடையில் எழுதியதால்தான் ஒரே வாழ்க்கைக்கு நான்கு நற்செய்திகள் இருக்கின்றன.

வேதத்தைப் பற்றி நம்மவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அதை இயற்றியவர் எவருமில்லை, இறைவனும் இல்லை, ரிஷிகள் மந்திரங்களைக் கண்டவர்களே என்பது வேதச் சடங்குகளை ஆராயும் தத்துவ மரபினரான மீமாம்சகர் கொள்கை. வேதமும் ஆகமமும் சிவபெருமான் அருளியவை என்பது சைவ சித்தாந்தம்.

அப்பத்தாவின் பட்டுத்துணிக்குள் இருந்ததோ இவை எதிலும் அடங்காது. தில்லையில் மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல, அந்தணர் உருவில் வந்த இறைவன் தம் கையால் ஏட்டில் எழுதி, 'திருச்சிற்றம்பலமுடையான் எழுத்து' என்று கையொப்பமும் இட்டுச் சென்றார் என்பது மரபு. இங்கே மனிதர் உருகிச் சொல்கிறார், இறைவன் எழுதிக்கொள்கிறார். பர்மாவில் கடை நடத்திய முன்னோரின் பேரேடுகளைப் பரணில் வைத்திருக்கும் உங்கள் ஊரில், கடவுளே கணக்கப்பிள்ளையாக உட்கார்ந்த கதை என்று சொன்னால் எளிதில் விளங்கும். குறைவாகச் சொல்லவில்லை, எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்த இடமே அதுதான். மேலிருந்து இறங்கிய செய்தியாக அன்றி, கீழிருந்து எழுந்த அழுகை இறைவனின் கையெழுத்தைப் பெற்றதாலேயே அது புனித நூலாயிற்று. 'எனதுரை தனதுரையாக' என்று ஞானசம்பந்தர் பாடியதும் இதற்கு நெருக்கமானதே.

ஆகவே நண்பரிடம் 'உங்கள் குர்ஆன் போலத்தான் எங்கள் திருவாசகம்' என்று தொடங்காதீர்கள். அவர் அதை ஒப்பமாட்டார், அப்பத்தாவும் ஒப்பியிருக்கமாட்டார்கள்.