தசை சுருங்குவது எப்படி? கேள்வி பதில்

பிளஸ் ஒன் மாணவி: சார், தசை சுருங்கும்போது ஆக்டின், மையோசின் இழைகளும் சுருங்குமா?

இல்லம்மா. தசைச் செல்லுக்குள் அடுக்கியிருக்கும் இந்தப் புரத இழைகள் (ஆக்டின் மெல்லியது, மையோசின் தடித்தது) நீளம் மாறாமல் ஒன்றையொன்று உரசிச் சறுக்குகின்றன. அதனால்தான் நுண்ணோக்கியில் பார்த்தால், மையோசின் இருக்கும் ஏ பட்டையின் அகலம் அப்படியே இருக்க, ஆக்டின் மட்டும் இருக்கும் ஐ பட்டை குறுகுகிறது. 1954-ல் 'நேச்சர்' இதழில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்கே என்ற விஞ்ஞானிகள் ஒரு பக்கமும், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் இன்னொரு பக்கமுமாக இதைச் சொன்னார்கள். ஹக்ஸ்லிகள் இருவரும் சொந்தக்காரர்கள் இல்லை, பரீட்சையில் குழப்பிக்கொள்ளாதே.

கேள்வி: செத்தபின் உடம்பில் சக்தியே இல்லை. தளர்ந்துதானே கிடக்கணும், ஏன் விறைக்குது?

இதுதான் சரியான கேள்வி. மையோசின் இழையிலிருந்து நீட்டியிருக்கும் 'தலை' ஆக்டினைப் பிடிக்கும். தன்னிடமுள்ள பாஸ்பேட் கழன்றதும் மடங்கி, ஆக்டினை 5 முதல் 10 நானோமீட்டர் வரை இழுக்கும். இழுத்த பிறகு பிடி தானாக விடாது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு புதிதாக ஒன்று வந்து தலையில் ஒட்டினால்தான் விடும். அந்த ஏடிபி உடையும்போது கிடைக்கும் ஆற்றலில் தலை மறுபடி நிமிர்ந்து அடுத்த இழுப்புக்குத் தயாராகும். ஆக, பிடியை விடுவதற்கே ஏடிபி வேண்டும். பிடிப்பைத் தொடங்கிவைப்பது கால்சியம். இறந்த உடலில் அது கசிகிறது, தலைகள் பிடிக்கின்றன, ஏடிபி தீர்ந்ததும் பிடித்தது பிடித்தபடி நின்றுவிடுகிறது. சில மணி நேரத்தில் தொடங்கும் விறைப்பு, புரதங்கள் சிதையும்போதுதான் தளரும்.

கேள்வி: கால்சியம் மாத்திரை போட்டால் தசைக்குப் பலம் கூடுமா?

கூடாது. சுருங்கத் தேவையான கால்சியம் தசைச் செல்லுக்குள்ளேயே, சார்கோபிளாச வலைப்பின்னல் என்ற பைகளில், சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. நரம்பு தூண்டியதும் வெளியே வந்து ஆக்டின் இழைமேல் உள்ள ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டும். உடனே ஆக்டினை மறைத்திருக்கும் ட்ரோபோமையோசின் என்ற புரதம் விலகி, மையோசின் தலை பிடிக்க இடம் கொடுக்கும். வேலை முடிந்ததும் பம்புகள் கால்சியத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கும் ஏடிபிதான் செலவு.

கேள்வி: தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு சும்மா நின்னா 'வேலை' பூஜ்யம்னு பிசிக்ஸ் வாத்தியார் சொல்றார். அப்புறம் ஏன் கை கடுக்குது?

வாத்தியார் சொல்வது குடத்தின் கணக்கு. உங்கள் கைக்குள் மையோசின் தலைகள் பிடிப்பதும் விடுவதுமாக ஓயாமல் ஏடிபியை எரித்துக்கொண்டிருக்கின்றன. தேர்வடத்தில் ஆள் மாற்றிக் கை மாற்றுவதுபோல, சில விடும்போது மற்றவை பிடித்திருக்கும். அதனால் குடம் இறங்குவதில்லை.

கேள்வி: மயக்க மருந்து கொடுத்ததும் எங்க சித்தப்பாவுக்குக் காய்ச்சல் எகிறி, உடம்பு விறைச்சிடுச்சு. எனக்கும் வருமா?

வர வாய்ப்புண்டு. இது 'மேலிக்னன்ட் ஹைபர்தெர்மியா'வாக இருக்கலாம். கால்சியத்தை வெளியே விடும் ரையனோடின் வாயிலில் உள்ள மரபுக் கோளாறு பெரும்பாலும் காரணம்: சில மயக்க வாயுக்கள் பட்டால் வாயில் மூடாது, தசை ஓயாமல் சுருங்கி ஏடிபியை எரிக்கும். டான்ட்ரோலீன் என்ற மருந்து இருக்கிறது. எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருத்துவரிடம் சித்தப்பா விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள்.