பேச்சு நின்னுபோன வீடு: அப்பா அம்மா, பிள்ளைங்க - கேள்வி பதில்

வணக்கம், சென்னையில ஃபேமிலி கவுன்சிலிங் பண்றேன். பெத்தவங்களும் பிள்ளைங்களும் முகம் பாக்காம இருக்கிற வீடுங்கதான் எங்கிட்ட அதிகம் வருது. கேளுங்க.

கேள்வி (அம்பத்தூர்): பொண்ணு லவ் மேரேஜ் பண்ணிக்கிச்சு மேடம். படி ஏறாதேன்னு நான்தான் சொன்னேன், 4 வருஷம் ஆச்சு. இப்போ பேரன் பொறந்திருக்கானாம். நேரா போய் நிக்கட்டுமா?

பதில்: வேணாம் சார், திடுதிப்புன்னு போய் நின்னா அந்தப் பொண்ணு பயந்துடும். முதல்ல நாலு வரி லெட்டர் போடுங்க, நான் சொன்னது தப்பு, உனக்கு எவ்ளோ வலிச்சிருக்கும்னு, அதோட நிறுத்திடணும். எங்கிட்ட வந்த ஒரு அப்பா ஏழு தடவ எழுதினார், ஏழுலயும் கடைசியில "ஆனா நீயும்"னு ஒண்ணு வந்து நிக்கும், நான் பேனாவால சுழிச்சு சுழிச்சு காட்டுவேன். எட்டாவதுல அது இல்ல. குடுக்கும்போது அவர் கை நடுங்குச்சு.

கேள்வி (வேளச்சேரி): தெரபின்னா எல்லாரையும் உக்கார வெச்சு பஞ்சாயத்து பண்றதாக்கா? பையனுக்கு 16 வயசு, அப்பாகூட பேசறதே இல்ல.

பதில்: பஞ்சாயத்தே கிடையாதும்மா. இந்த வயசு பிள்ளைங்களுக்கு அட்டாச்மென்ட் பேஸ்டு ஃபேமிலி தெரபின்னு ஒண்ணு இருக்கு, பெத்தவங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவுல இருக்கிற பாசப் பிணைப்ப சரி பண்றது, அமெரிக்காவுல கை டயமண்ட் (Guy Diamond)ங்கிற சைக்காலஜிஸ்ட்டும் அவர் கூட இருந்தவங்களும் கொண்டு வந்தது, மனச்சோர்வுல இருக்கிற பிள்ளைங்களுக்காக. பையன சரி பண்ண வரல, உறவ சரி பண்ண வந்திருக்கோம்னு முதல்ல எல்லாரையும் ஒத்துக்க வைப்போம், அப்புறம் பையன்கிட்ட தனியா, பெத்தவங்ககிட்ட தனியா, அதுக்கப்புறம்தான் நேருக்கு நேர். 12ல இருந்து 16 வாரம் ஆகும். இதுல பெத்தவங்ககூட தனியா உக்காருற நேரம்தான் எனக்கு ரொம்ப முக்கியம். உங்க சின்ன வயசுல உங்க அப்பா உங்ககிட்ட எப்படி இருந்தார்னு கேப்போம், அதுவரைக்கும் விறைப்பா இருந்த மனுஷன் அங்கதான் உடைவார். தனக்கு என்ன கிடைக்கலன்னு தெரிஞ்சவருக்கு பையன் என்ன கேக்குறான்னு காதுல விழும்.

கேள்வி (பெரம்பூர்): அப்பா குடிச்சிட்டு எங்கள அடிப்பாரு. இப்போ வயசாயிடுச்சு, போய் பாருன்னு சொந்தக்காரங்க நச்சரிக்கிறாங்க. போய்த்தான் ஆகணுமா?

பதில்: இல்லவே இல்ல தங்கச்சி. தள்ளி இருக்கிறது உன் பாதுகாப்பு, அத தப்புன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. உள்ள இருக்கிற காயத்துக்கு நீ மட்டும் தனியா வந்து பேசலாம், அவர பாத்தாதான் ஆறும்னு இல்ல.

கேள்வி (வியாசர்பாடி): செலவு பண்ண வசதி இல்லீங்க.

பதில்: கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை ஓபில காட்டலாம். ராத்திரில மனசு தாங்கலன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல.

கேள்வி (அம்பத்தூர், மறுபடியும்): லெட்டர்ல பேரன பாக்கணும்னு எழுதலாமா மேடம்?

பதில்: இப்போ வேணாம் சார். முதல் லெட்டர் பொண்ணுக்கு மட்டும் இருக்கட்டும்.