ஜாபிக்ஸ் சர்வர் பேரை மாத்த 18,000 ரூபாயா?

கேள்வி: எங்க பனியன் கம்பெனில நெட்வொர்க்கை பார்த்துக்க ஜாபிக்ஸ் போட்டிருக்கோம், 60 மெஷின் அதுல இருக்கு. கம்பெனி பேரு மாறிடுச்சு, அதனால சர்வரோட ஹோஸ்ட்நேமையும் மாத்தணும். போட்டுக் குடுத்தவர்கிட்ட கேட்டா லைசன்ஸ் பழைய பேர்ல இருக்கு, புதுசு வாங்கி முதல்ல இருந்து இன்ஸ்டால் பண்ணணும், 18,000 ஆகும்ங்கிறார். குடுக்கலாமா?

பதில்: லைசன்ஸுன்னு ஒரு பைசா குடுக்காதீங்க சார். ஜாபிக்ஸ் லாட்வியாவுல உருவான ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், 2001லேயே ஜிபிஎல்ங்கிற இலவச ஓப்பன் சோர்ஸ் லைசன்ஸ்ல விட்டுட்டாங்க, 2024ல வந்த 7.0 வெர்ஷன்ல இருந்து அதே மாதிரி ஏஜிபிஎல், எதுலயும் சர்வர் பேரோட கட்டிப்போட்ட லைசன்ஸ் கீன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, மெஷின் 60 இருந்தாலும் 600 இருந்தாலும் அப்படித்தான். அவர் வேலைக்கு கூலி கேக்கட்டும், அது நியாயம். இல்லாத லைசன்ஸுக்கு கேக்குறது தப்பு.

திரும்ப இன்ஸ்டால் பண்றதும் வேண்டாம். பழைய டேட்டா எல்லாம் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு டேட்டாபேஸ்ல இருக்கும், ஹோஸ்ட்நேம் மாறினா அது எங்கயும் போகாது. லினக்ஸ்ல பேரை மாத்த ஒரு கமாண்ட், அப்புறம் எந்த பேருக்கு எந்த ஐபின்னு எழுதி வச்சிருக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைல்லயும் டிஎன்எஸ்லயும் புது பேரு, அவ்ளோதான். வெப் பேஜ் எச்டிடிபிஎஸ்ல ஓடுதுன்னா புது பேருக்கு சர்ட்டிபிகேட்.

நேரம் புடிக்கிறது ஏஜென்ட்லதான், அதாவது ஒவ்வொரு மெஷின்லயும் ஓடி ஜாபிக்ஸ் சர்வருக்கு தகவல் குடுக்கிற சின்ன புரோகிராம். ஒவ்வொரு மெஷின்லயும் கான்ஃபிக் ஃபைல்ல சர்வர், சர்வர்ஆக்டிவ்னு ரெண்டு லைன் இருக்கும், அங்க ஐபி போட்டிருந்தா கை வைக்கவே வேண்டாம், பழைய பேரு போட்டிருந்தா 60லயும் மாத்தி ரீஸ்டார்ட் பண்ணணும், இல்லன்னா டிஎன்எஸ்ல பழைய பேரை புது பேருக்கு இன்னொரு பேரா (CNAME) விட்டு வச்சா எல்லாம் அது பாட்டுக்கு ஓடும், நிதானமா மாத்திக்கலாம்.

இன்னொண்ணு, இதுல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. சர்வர்லயே ஓடுற ஏஜென்ட் கான்ஃபிக்ல ஹோஸ்ட்நேம்னு ஒரு லைன் இருக்கும், அது லினக்ஸ் பேரு இல்ல, ஜாபிக்ஸ் ஸ்க்ரீன்ல அந்த மெஷினுக்கு வச்ச பேரு, ரெண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும், இல்லன்னா ஆக்டிவ் செக் (ஏஜென்ட் தானே சர்வருக்கு தகவல் அனுப்புறது) நின்னுடும், லாக்ல ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்னு வரும். அந்த லைனே இல்லன்னா ஏஜென்ட் லினக்ஸ் பேரைத்தான் எடுத்துக்கும், அப்போ ஸ்க்ரீன்லயும் புது பேரை எடிட் பண்ணி விடணும். எடிட் மட்டும்தான், தயவுசெஞ்சு அழிச்சுட்டு புதுசா சேர்க்க விடாதீங்க, அழிச்சா அந்த மெஷினோட பழைய கிராஃப் மொத்தமும் போயிடும்.

அவர்கிட்ட ஏஜென்ட்ல ஐபியா பேரான்னு முதல்ல கேளுங்க, கொட்டேஷனை வேலை வாரியா பிரிச்சு எழுத்துல வாங்குங்க. அதுக்கும் முன்னாடி சர்வரோட ரூட் (லினக்ஸ் அட்மின்) பாஸ்வேர்டு, ஜாபிக்ஸ் அட்மின் பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் பேக்கப் மூணும் உங்க கைல இருக்கான்னு பாத்துக்கோங்க, இருந்தா வேற ஆளை வச்சும் முடிச்சுக்கலாம்.