ஒண்டாச்சி (Ondaatje) என்பது ஒல்லாந்து, அதாவது நெதர்லாந்துக் குடும்பப் பெயரா? உலகில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது?

கேள்வியின் கீழே நீங்கள் சேர்த்திருந்த குறிப்பையும் படித்தேன். குடும்பப் பெயர்களின் வரலாறு சொல்லும் ஒரு தளத்தில் தேடினீர்கள். 'தோற்றம்: ஒல்லாந்து, மிக அரிய பெயர்' என்று வந்தது. அது சரியா என்று கேட்கிறீர்கள். சரியில்லை. அந்தப் பெயர் தஞ்சாவூரிலிருந்து கொழும்புக்கு வந்தது. எண்ணிக்கையைப் பற்றிக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

வெறும் பொழுதுபோக்குக்காக ஒருவர் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கமாட்டார். உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி அந்தப் பெயரோடு பிறந்து, வேறு பெயரோடு மறைந்திருப்பார் என்றே நினைக்கிறேன். என் அம்மம்மா அப்படித்தான்.

முதலில் தோற்றம். ஒல்லாந்தர் 1656 மே மாதத்தில் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்குப் போயின. தஞ்சாவூரில் அப்போது விஜயராகவ நாயக்கரின் ஆட்சி. சோழமண்டலக் கரையின் துறைமுகமும் இலங்கையின் துறைமுகங்களும் ஒல்லாந்தரின் ஒரே வணிகக் கம்பெனியின் கீழ் வந்த அந்தச் சில ஆண்டுகளில், வணிகர்களும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களும் வைத்தியர்களும் கடலைக் கடந்து போய்வருவது எளிதாயிற்று. 1659இல், அட்ரியான் வான் டெர் மெய்டன் இலங்கையில் ஒல்லாந்தரின் ஆளுநராக இருந்தபோது, அவருடைய மனைவிக்கு வைத்தியம் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து ஒரு மருத்துவர் அழைக்கப்பட்டார் என்பது குடும்ப மரபு. அவர்தான் மைக்கேல் யூரி ஒண்டாச்சி. ஞானஸ்நானப் பெயர் முன்னால் நிற்கிறது. பின்னால் நிற்பது அவர் ஊரிலிருந்து கொண்டுவந்தது. அவர் வழிவந்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய கொழும்புச் செட்டிகள் என்ற சமூகத்தில் வைத்து எண்ணப்பட்டார்கள். பிறகு திருமண உறவுகளால் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பங்களோடும் கலந்தார்கள்.

அப்படியானால் தளம் ஏன் ஒல்லாந்து என்கிறது? எழுத்துக்கூட்டலைப் பார்த்துத்தான். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் டி, ஜே, ஈ. ஒல்லாந்து மொழியில் ஒரு பொருளைச் சிறியதாகவோ செல்லமாகவோ சொல்லச் சேர்க்கும் விகுதியும் இதே மூன்று எழுத்துகள்தான். வாலைப் பார்த்தவுடன் ஊரை முடிவு செய்துவிட்டார்கள். உண்மையில் ஒல்லாந்தர் கீழை நாடுகளில் கேட்ட 'ச்ச' ஒலியை எழுத டி, ஜே என்ற இரண்டு எழுத்துகளையே பயன்படுத்தினார்கள். இந்தோனேசியாவைப் பாருங்கள்: சிலாசாப் என்ற ஊர்ப்பெயரை 1972இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை அந்த இரண்டு எழுத்துகளில்தான் தொடங்கி எழுதினார்கள். அதற்காகச் சிலாசாப்பை யாரும் ஒல்லாந்து ஊர் என்று சொல்வதில்லை. கொழும்புக் கோட்டையில் இருந்த ஓர் எழுத்தர் ஒரு தமிழரின் பெயரைத் தன் காதுக்குக் கேட்டபடி, தன் மொழியின் முறைப்படி எழுதிவைத்தார். அதற்குமேல் அந்தப் பெயரில் ஒல்லாந்து எதுவும் இல்லை.

இதை எழுதியவுடன் 'தமிழ்ப் பெருமை பேச வந்துவிட்டார்' என்று யாராவது கீழே எழுதக்கூடும். பெருமை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் ஒல்லாந்து உறவை நான் மறுக்கவே இல்லை. கொழும்பில் போதகராக இருந்த வில்லெம் யூரியான் ஒண்டாச்சி, ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த குவிண்ட் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அவர்களுடைய மகன் பீட்டர் பிலிப் யூரியான் குவிண்ட் ஒண்டாச்சி 1758இல் கொழும்பில் பிறந்தவர். படிப்புக்காக ஒல்லாந்து போனவர், அங்கே 1780களில் உட்ரெக்ட் நகரில் தேசபக்தர் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவராக உயர்ந்தார். நகரசபையை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று போராடினார்கள். 1786இல் சாதித்தும் காட்டினார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு மூன்று ஆண்டுகள் முன்னால் நடந்த செய்தி இது. 1787இல் பிரஷ்யப் படை நுழைந்தபோது நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. 1818இல் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், இறந்தார். தஞ்சாவூர் வைத்தியரின் வழிவந்த ஒருவர் ஐரோப்பிய மக்களாட்சியின் முதல் அத்தியாயங்களில் நிற்கிறார். நான் படித்த பாடப்புத்தகங்களில் ஒரு வரிகூட இல்லை. 1943இல் கொழும்பில் பிறந்து 1992இல் புக்கர் பரிசு பெற்ற மைக்கேல் ஒண்டாச்சியால்தான் இன்று அந்தப் பெயர் வெளியே தெரிகிறது. அவரையும் பல கட்டுரைகள் 'ஒல்லாந்து வம்சாவளி எழுத்தாளர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன.

இனி என் வீட்டுக் கதை. நீங்கள் கேட்ட எண்ணிக்கைக்கான விடை இதில்தான் இருக்கிறது, ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

அம்மம்மா கொழும்பின் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து, கணவர் பெயரை ஏற்றுக்கொண்டார். அவருடைய தகப்பனார் விட்டுப்போன ஒரு சிறிய வீடு இருந்தது. அம்மம்மா இறந்தபின் அந்த வீட்டில் அவருக்கிருந்த பங்கை எங்கள் அம்மாவின் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. காணி உறுதியை, அதாவது சொத்துப் பத்திரத்தை, எடுத்துக்கொண்டு அதை எழுதிப் பதியும் நொத்தாரிசு ஒருவரிடம் போனோம். உறுதியில் குடும்பப் பெயர் டி, ஜே, ஈ என்று முடிந்தது. அம்மம்மாவின் பிறப்புச் சான்றிதழில் டி, சி, எச், ஐ. திருமணப் பதிவில் மூன்றாவது ஒரு வடிவம், நடுவில் ஓர் 'ஏ' குறைவாக. நொத்தாரிசு மூன்றையும் மேசைமேல் பரப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "இது பறங்கியர் பெயர் அல்லவா? நீங்கள் தமிழர். இந்த வீட்டுக்கு நீங்கள் எப்படி உரித்தாளி ஆனீர்கள்?" என்று கேட்டார்.

அம்மா அப்போது பேசவில்லை. வெளியே வந்தபின், "என் தாயை யாரோ ஒருத்தி என்கிறான் இந்த மனிதன்" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு பெயரின் தோற்றத்தைப் பற்றி எவரும் தவறாக எழுதும்போது எனக்குக் கோபம் வருவது அதனால்தான். நீங்கள் தேடிய தளத்துக்கு அது ஒரு வரி விவரம். எங்களுக்கு ஒரு வீடு.

சான்று தேடத் தொடங்கியபோது அம்மம்மாவின் உடன்பிறந்தவர்களுடைய பிறப்புச் சான்றிதழ்களையும் எடுக்க வேண்டி வந்தது. இலங்கையின் பழைய பிறப்புச் சான்றிதழ்களில் தகப்பனின் இனத்துக்கென்று ஒரு கூடு இருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே தகப்பன், ஒரே தாய். ஆனால் மூத்த அண்ணனின் சான்றிதழில் தகப்பன் பறங்கியர். அக்காவின் சான்றிதழில் செட்டி. கடைசிப் பிள்ளையான அம்மம்மாவின் சான்றிதழில் தமிழர். பதிவாளர் மாற மாற, அல்லது விவரம் சொல்லப் போன உறவினர் மாற மாற, அந்த மனிதரின் இனமும் மாறியிருக்கிறது. எழுத்துக்கூட்டலும் கூடவே மாறியிருக்கிறது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபின் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்களே, அந்த அலையில் மூத்த அண்ணன் மெல்பேர்ன் போனார். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று தங்களை ஒல்லாந்து வழியினர் என்றே அறிந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் தஞ்சாவூர்க் கதையை எழுதியனுப்பியபோது ஒருவர் மட்டும் பதில் போட்டார்.

இறுதியில் எங்களைக் காப்பாற்றியது தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுதான். அதில் அம்மம்மாவின் தகப்பன், பாட்டன், ஞானப்பெற்றோர் எல்லோருடைய பெயர்களும் இருந்தன. அதன் பிரதியையும், மூன்று எழுத்துக்கூட்டலும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சத்தியம் செய்து கூறும் சத்தியக் கடதாசிகளையும் இணைத்தபின் வீடு அம்மாவின் பெயருக்கு வந்தது.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். குடும்பப் பெயர்த் தளங்கள் எண்ணுவது எழுத்துக்கூட்டலை. என் அம்மம்மாவின் குடும்பம் அவர்களுடைய கணக்கில் மூன்று பெயர்களாக உடைந்துவிடும். மூன்றும் 'மிக அரிது' என்று வரும். அதிலும் அம்மம்மா இல்லை, என் அம்மா இல்லை, நான் இல்லை. பெண்கள் வழியாக இறங்கிய எவரையும் அந்தக் கணக்கு காணாது.

அரசாங்கப் புள்ளிவிவரம் பார்க்கலாமே என்பீர்கள். இலங்கைக் குடிசன மதிப்பீடு இனத்தைத்தான் எண்ணுகிறது. குடும்பப் பெயர்ப் பட்டியல் அதில் வருவதில்லை. 2012 கணக்கெடுப்பில் இலங்கைச் செட்டி என்று பதிந்தவர்கள் 5,595 பேர். பறங்கியர் 38,293 பேர். ஒண்டாச்சிகள் இந்த இரண்டு வரிசையிலும் இருப்பார்கள், இலங்கைத் தமிழர் வரிசையிலும் இருப்பார்கள். நெதர்லாந்தில் குடும்பப் பெயர்களுக்கென்றே ஒரு தரவுத்தளம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் நகராட்சிப் பதிவுகளிலிருந்து எண்ணியது. ஐந்து பேருக்கும் குறைவாக இருந்தால் சரியான எண்ணைக் காட்டாது. அமெரிக்கக் குடிசனக் கணக்கு 2010இல் குறைந்தது 100 பேருக்கு இருந்த பெயர்களை மட்டுமே வெளியிட்டது. அப்படியே சுமார் 1,62,000 பெயர்கள் தேறின. நூறுக்குக் கீழே இருப்பவை அந்தப் பட்டியலில் கிடையா. அரிய பெயர் வைத்திருப்பவர்களைத்தான் எல்லாக் கணக்குகளும் முதலில் கைவிடுகின்றன. இவ்வளவு ஓட்டைகள் இருக்கும்போது 'உலகில் இத்தனை பேர்' என்று கடைசி இலக்கம்வரை சொல்லும் தளத்தை எப்படி நம்புவது? நான் உங்களுக்கு ஒற்றை எண் தரமாட்டேன்.

அரிய பெயர் அழிந்துபோகும் என்ற பயம் இருந்தால், அந்தப் பயம் நியாயமானது. 1873இல் பிரான்சிஸ் கால்டன் இங்கிலாந்தில் ஒரு கல்வி இதழின் கேள்விப் பகுதியில் இதையே கணக்காக வைத்தார்: ஆண் வழியாக மட்டும் இறங்கும் பெயர்களில் எவ்வளவு பங்கு தலைமுறைகளில் மறையும்? ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார். மகன் இல்லாத ஒரே ஒரு தலைமுறை போதும், ஒரு கிளையின் பெயர் அங்கேயே நின்றுவிடும். கிளைகள் பல இருந்தால் இழப்பு தெரியாது. சிலவே இருந்தால் மக்கள் தொகை பெருகும் நாட்டிலும் பெயர் போய்விடக்கூடும். இரத்தம் போகாது, பெயர்தான் போகும். இதை நன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

கேள்விக்கு வெளியே ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த முதல் ஒண்டாச்சியைப் பற்றி எழுதுபவர்கள் 'ஏதோ மூலிகை தெரிந்த ஒருவர்' என்பதுபோல எழுதுகிறார்கள். ஆளுநர் தன் வீட்டு நோயாளிக்காகக் கடலுக்கு அப்பாலிருந்து அழைத்த ஒருவரை அப்படியா சொல்வது? தமிழருக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவை இவ்வளவு சின்னதாக்குவது எங்கள் ஆட்களிடமும் இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். உடற்கூற்றியலையும் இரணவைத்தியம் என்ற அறுவை மருத்துவத்தையும் தமிழ் நூல்களாக்கினார். 1860களில் அங்கே தமிழில் படித்துப் பல மருத்துவர்கள் வெளியேறினார்கள். இன்று தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்று கேட்டால் படித்தவர்களே சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடிவதில்லை. சரி, இது வேறு வழக்கு.

நீங்கள் செய்ய வேண்டியது இது. தளங்களை மூடிவைத்துவிட்டு, பாட்டியின் பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் எடுங்கள். திருமணச் சான்றிதழில் தகப்பன் பெயரோடு தொழிலும் இருக்கும். ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய அது மிகவும் உதவும். பெயரை நினைத்துப் பார்க்கக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடச் சொல்லுங்கள், அலுவலர் சலித்துக்கொண்டாலும் விடாதீர்கள். அதற்கு முந்திய தலைமுறைகளுக்கு ஞானஸ்நானப் பதிவேடுகள். கொழும்புப் பக்கம் என்றால் 1757இல் கட்டி முடித்த வுல்வெண்டால் தேவாலயத்தின் பதிவுகளில் தொடங்குங்கள். இன்னும் பின்னால் போக வேண்டுமானால் தோம்புகள் என்ற ஒல்லாந்தர் காலத்துப் பதிவேடுகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. காணித் தோம்பும் உண்டு, ஞானஸ்நானமும் திருமணமும் எழுதிய பாடசாலைத் தோம்பும் உண்டு. ஒல்லாந்துப் பறங்கியர் ஒன்றியத்தார் 1908 முதல் வெளியிட்ட சஞ்சிகையில் பல குடும்பங்களின் வம்சாவளிகள் அச்சாகியிருக்கின்றன. ஆனால் அவற்றைப் படிக்கும்போது தாய்வழியை எங்கே நிறுத்திவிட்டார்கள் என்று கவனியுங்கள். பாட்டி ஞானஸ்நானம் பெற்ற தேவாலயம் எது என்று தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள். எந்தப் பதிவேட்டைக் கேட்பது என்று சொல்கிறேன்.