சொன்னதையே திருப்பிச் சொல்லும் பிள்ளை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு நாலு வயது. ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் அவனும் "தண்ணி வேணுமா?" என்றுதான் சொல்கிறான். பற்பசை விளம்பரத்தை நாள் முழுக்க ஒப்பிக்கிறான். இந்தக் கிளிப்பேச்சை நிறுத்தினால்தான் சொந்தப் பேச்சு வரும் என்கிறார்கள். எப்படி நிறுத்துவது? நான் வேலைக்குப் போனதால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிறுத்த வேண்டாம். அவன் பேசிக்கொண்டுதான் இருக்கிறான்.

"தண்ணி வேணுமா" என்று நீங்கள் சொன்ன போதெல்லாம் தம்ளர் அவன் கைக்கு வந்திருக்கிறது. அவனுக்கு அந்த முழு வாக்கியமும் சேர்ந்துதான் தண்ணீர். 1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, இந்தக் குழந்தைகள் கேள்வியைத் திருப்பிச் சொல்லித்தான் 'ஆமாம்' என்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். ஆனாலும் பல காலம் இதை அர்த்தமில்லாத பழக்கம் என்று அடக்கவே பார்த்தார்கள். எண்பதுகளில் பேரி பிரிசன்ட் போன்ற பேச்சு, மொழி வல்லுநர்கள் உட்கார்ந்து கவனித்த பிறகுதான், கேட்பதற்கும், ஆமாம் சொல்வதற்கும், தன்னை அமைதிப்படுத்திக்கொள்வதற்கும் பிள்ளைகள் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது பிடிபட்டது.

என் மகன் சின்ன வயதில் மிக்ஸி ஓடினால் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பான். கல்யாண வீட்டில் மேளம் கொட்டினாலும் அதேதான். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் யோசித்தோம்: ரயில் நிலையத்தில் ஒருமுறை ஒலிபெருக்கிக்கு அடியில் நின்று பயந்து அலறியிருந்தான். அவன் சொன்னது, "சத்தம் தாங்கலை". அதிலிருந்து அந்த வாக்கியம் வந்தால் மிக்ஸியை நிறுத்திவிடுவோம், இல்லையென்றால் அவனை வெளியே கூட்டிப் போய்விடுவோம். கூடவே "சத்தமா இருக்கு" என்று அவனுக்காகச் சொல்வோம். கொஞ்ச காலத்தில் அவனே அதைச் சொல்ல ஆரம்பித்தான்.

நீங்களும் கேள்வியைக் குறைத்துக்கொண்டு, அவன் சொல்ல வேண்டியதை அவன் பக்கம் நின்று சொல்லுங்கள். குடத்தைப் பார்க்கிறானா? "தண்ணி வேணும்" என்று நீங்களே சொல்லி, தண்ணீரையும் கொடுத்துவிடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று தம்ளரைப் பிடித்து வைக்காதீர்கள். தாகத்தோடு நிற்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. பதிலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருங்கள். வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்க அவனைப் பழக்கினால் பேச்சு நின்றுவிடும் என்ற பயமும் வேண்டாம்.

மாமியார் சொல்வது புதிதல்ல. தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் சொல்லி எத்தனையோ பெண்களை அழவைத்தது. ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964லேயே அதை மறுத்து எழுதினார். ஆட்டிசம் மூளை வளர்ச்சி சார்ந்தது, மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு. நீங்கள் தாராளமாக வேலைக்குப் போங்கள்.

காது கேட்கும் திறனைச் சோதித்தாயிற்றா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். அரசு மருத்துவமனையில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தை விசாரியுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஆட்டிசமும் மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது, அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள்.

அந்தப் பற்பசை விளம்பரம் எந்தெந்த நேரத்தில் வருகிறது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் அதைக் காட்டுங்கள். அதைப் பார்க்காமலேயே "வாயை மூடப் பழக்குங்கள்" என்று அவர் சொன்னால், வேறு ஆளைத் தேடுங்கள்.