இறந்தவருக்கு எதற்கு ஊக்கம்?

அன்புள்ள ஐயா,

பொருளியல் முதுகலை படிக்கிறேன். அறிவுசார் சொத்துரிமை கெட்டியாக இருந்தால்தான் பொருளாதாரம் வளரும் என்பது எங்கள் பேராசிரியரின் கட்சி. எதற்கெடுத்தாலும் நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டைத்தான் உதாரணம் காட்டுவார். எனக்கோ மொத்தத்தையும் ஒழித்துவிடலாம் என்று படுகிறது. உங்கள் கடைசி நாவலைக்கூட பிடிஎஃபில்தான் படித்தேன், அருமை. நீங்கள் எந்தப் பக்கம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

வாட் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் 1769இல் வாங்கிய காப்புரிமையை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1775இல் சட்டம் போட்டு 1800 வரை நீட்டியது. அவருடைய தொழில் கூட்டாளி போல்டன் துணிந்து பணம் போட்டது அதை நம்பித்தான் என்பது உங்கள் பேராசிரியருக்குச் சாதகம். போட்டி இயந்திரம் செய்தவர்களை இருவரும் கோர்ட்டுக்கு இழுத்தது உங்களுக்குச் சாதகம். பொருளியலாளர்கள் இன்னும் இதில் அடித்துக்கொள்கிறார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

என்னை உறுத்துவது வேறு. உரிமை வேண்டுமா வேண்டாமா என்றே சண்டை நடக்கிறது, எத்தனை ஆண்டு என்று கேட்பவர்கள் குறைவு. நூல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் 1710 சட்டம் புதிய நூலுக்கு 14 ஆண்டு பதிப்புரிமை கொடுத்தது. ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசிரியர் இறந்த பிறகு 70 ஆண்டு. 1998இல் அமெரிக்கா 20 ஆண்டைக் கூட்டியபோது, ஏற்கெனவே உரிமையில் இருந்த பழைய நூல்களுக்கும் சேர்த்தே கூட்டியது. எழுதி முடித்து, செத்தும் போனவரை எழுதச் சொல்லி ஊக்குவிக்கிறார்களா?

அந்த நீட்டிப்பை எதிர்த்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. 17 பொருளியலாளர்கள் எதிர்த்து மனு கொடுத்தார்கள். கென்னத் ஆரோவும் மில்டன் ஃப்ரீட்மனும், இருவரும் நோபல் பெற்றவர்கள், கொள்கையில் வேறு வேறு முகாம், சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 80 ஆண்டு கழித்து வரும் 100 டாலருக்கு, 7 சதவீத வட்டியில், இன்று அரை டாலர்கூட மதிப்பில்லை. போட்டுப் பாருங்கள், முதுகலை மாணவர்தானே. அந்தச் சில்லறைக்காக எந்த எழுத்தாளனாவது கூட ஒரு பக்கம் எழுதுவானா? ஆனாலும் 2003இல் நீதிமன்றம் நீட்டிப்பு செல்லும் என்றது.

வாசகன் இழப்பது சில்லறை அல்ல. பால் ஹீல்ட் என்ற சட்டப் பேராசிரியர் அமேசானில் புதுப் பிரதியாகக் கிடைக்கும் நூல்களிலிருந்து ஒரு மாதிரி எடுத்துப் பார்த்தார். 1980களின் நூல்களைவிட 1880களின் நூல்கள் அதிகம் இருந்தன. பழையவை உரிமை முடிந்தவை, யாரும் அச்சிடலாம்.

எனக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. இளவயதில் என்னை உலுக்கிய சிறுகதைத் தொகுப்பு ஒன்றை மறுபதிப்பு செய்ய ஒரு பதிப்பாளர் நண்பர் முன்வந்தார். ஆசிரியர் இறந்து வெகுகாலம். பேரப்பிள்ளைகளில் ஒருவரைத் தவிர எல்லாரும் சம்மதித்தார்கள். அந்த ஒருவரிடம் நான் பேசினேன். "தாத்தா கதையெல்லாம் எழுதுவாரா?" என்று கேட்டார். அப்புறம், "எவ்வளவு தேறும்?" சொன்னேன். சிரித்தார். இவ்வளவு சின்னத் தொகைக்கு இத்தனை அலைச்சலா, உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டாரோ என்னவோ, கையெழுத்துப் போடவேயில்லை. பொல்லாதவர் அல்ல. மறுப்பதால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, அவ்வளவுதான். என்னிடம் இருப்பது ஜெராக்ஸ். நாலாவது கதையில் ஒவ்வொரு வரியிலும் கடைசி இரண்டு எழுத்து வெட்டுப்பட்டிருக்கும். ஊகித்துத்தான் படிப்பேன்.

சரி, இதைப் படித்துவிட்டு நான் உங்கள் கட்சி என்று துள்ளாதீர்கள். என் நாவல் வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. நானும் சாகவில்லை. 1710 சட்டப்படி பார்த்தாலும் எனக்குக் காலம் நிறைய பாக்கி இருக்கிறது. உயிரோடிருப்பவன் கூலியில் கைவைப்பதற்குப் புரட்சி என்று பெயர் வைக்காதீர்கள்.

அருமை என்று எழுதியது சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். கையில் காசில்லை என்றால் முகவரி எழுதுங்கள், ஒரு பிரதி அனுப்புகிறேன். அந்த பிடிஎஃபை மட்டும் வேறு யாருக்கும் தள்ளிவிடாதீர்கள்.