பசுஞ்சுவர்: திருகோணமலை வெயிலுக்கு எது பொருந்தும்?

தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பசுஞ்சுவர், அதாவது கொடியோ செடியோ போர்த்திய சுவர், பற்றிய கேள்விகளும் கூடவே வந்துவிடுகின்றன. ஒத்த கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறேன்.

கேள்வி: உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டின் மேற்குச் சுவர் இரவு ஒன்பது மணிக்கும் சுடுகிறது. கொடி படரவிட்டால் உண்மையில் சூடு குறையுமா?

குறையும். சீமெந்துக் கல்லால் கட்டிய சுவர் பிற்பகல் வெயிலைக் குடித்து வைத்திருந்து, பொழுது சாய்ந்த பிறகே அதை அறைக்குள் விடுகிறது. ஆகவே வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்னரே அதை மறித்துவிட வேண்டும். இலைகள் நிழல் தருவதோடு, வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக விட்டுச் சூழவுள்ள காற்றையும் குளிர்விக்கின்றன. ஒரு லீற்றர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். 1000 வாற்று மின்னடுப்பு 40 நிமிடங்களில் வெளிவிடும் வெப்பம் அது. வறண்ட கச்சானில் இந்தக் குளிர்ச்சி நன்கு கிடைக்கும். ஈரம் மிகுந்த வாடைக் காலத்தில் அது மந்தமாகும், நிழலின் பயன் மட்டும் எஞ்சும். சுவரின் வெளிப்பரப்பு 10 பாகைக்கு மேல் குளிர்வதுண்டு. அறைக் காற்றில் அவ்வளவு மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நண்பகலில் மிகுதியான வெயிலை வாங்குவது கூரைதான். அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் உட்கூரைகூட இல்லாத வீட்டுக்காரர் முதலில் அதற்குச் செலவிடட்டும்.

கேள்வி: மேற்குக்கு அடுத்து எந்தச் சுவர்?

கிழக்கு என்பேன். வடக்குச் சுவருக்கு வெயில் படாது என்று பலர் எண்ணுகிறார்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நம் உச்சிக்கு வரும் சூரியன் ஆகஸ்ட் இறுதி வரை வடக்கே சாய்ந்துதான் செல்கிறது. அதாவது நம்முடைய கடும் வெப்ப மாதங்களில் வடக்குச் சுவரும் வெயில் வாங்குகிறது, தெற்குச் சுவர் தப்பிவிடுகிறது.

கேள்வி: நிலாவெளியில் விடுதி நடத்துகிறோம். பாரிஸ் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் இருப்பதுபோல் சுவர் முழுவதும் செடிப் பலகை பொருத்தலாமா? கிணற்று நீர் சற்று உவர்ப்பானது.

வேண்டாம் என்பதே என் கருத்து. பிரெஞ்சுத் தாவரவியலாளர் பத்ரிக் பிளாங் அமைத்த அந்தச் சுவரில் மண் இல்லை. செடிகள் ஈரத் துணியடுக்கில் வேர் விட்டு, குழாய்வழி வரும் நீரையும் ஊட்டத்தையும் நம்பி வாழ்கின்றன. இங்கே மின்சாரம் தடைப்பட்டு நீரேற்றி ஒரு கச்சான் பகல் நின்றாலே செடிகள் கருகத் தொடங்கும். உவர் நீரோ ஆவியாகும்போது உப்பைத் துணியிலேயே விட்டுச் செல்லும். நிலத்தில் நட்ட கொடிக்கு இவ்வளவு தவிப்பில்லை. மாரி மழை வேரடி உப்பைக் கழுவிவிடும். காகிதப்பூ உவர்க் காற்றையும் வறட்சியையும் தாங்கும். பின்கட்டுச் சுவருக்குக் கொடித்தோடை, கோவை, கொடிப்பசளி போன்றவற்றை வைத்தால் சமையலறைக்கும் உதவும். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரை வீணாக்காதீர்கள்: அதில் உப்பே இல்லை எனலாம், விடுதியில் நாள்தோறும் வாளிக் கணக்கில் சேரும்.

கேள்வி: நுளம்பு பெருகாதா?

நுளம்பு இலையில் முட்டையிடுவதில்லை, தேங்கிய நீரில்தான் இடுகிறது. நிலத்தில் வேரூன்றிய கொடியால் அந்த அச்சம் இல்லை. நீர் தேங்கும் பூச்சட்டித் தட்டுகளும் அடைபட்ட வடிகாலும் இருந்தால், டெங்குக் காலத்தில் பசுஞ்சுவர் வீட்டுக்கே பகையாகும்.

கேள்வி: சுவர் வெடித்துவிடும் என்று மேசன் மிரட்டுகிறார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. ஆலும் அரசும் வெடிப்பில் வேர்விட்டால் சுவரைப் பிளக்கும், முளையிலேயே பிடுங்குங்கள். சுவரைப் பற்றி ஏறும் கொடிகளும் பூச்சைக் கெடுக்கலாம். ஆகவே சுவரிலிருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர் தள்ளிக் கம்பி கட்டி, அதில் படரவிடுவதே நல்லது. இடைவெளியில் காற்று ஓடுவதால் சுவரும் உலர்ந்திருக்கும். கடற்காற்றில் நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பி சில ஆண்டுகளில் துருவேறும் என்பதால், காகிதப்பூ போன்ற நீண்டகாலக் கொடிக்குத் துருப்பிடிக்காத உருக்குக் கம்பியும், பருவத்தோடு முடியும் அவரை, புடோலுக்குத் தென்னங்கயிறும் போதும். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவிப் புயல் நம் மாவட்டத்தின் ஊடாகத்தான் கரையேறியது. ஐப்பசி முடிவதற்குள் கொடியைப் பாதியாகக் கவ்வாத்துச் செய்து, ஆணிகளை ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.